இடுப்பில் ஓர் அடிக் குழாய்

புரட்டாசி விரதம் முடிந்து வீட்டுச் சட்டிக்கு மீன் திரும்புகிற நேரத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையில் ஷேட் என்கிற மீனைப் பிடிக்கக் கூடாது. அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை அதற்குத் தடைக்காலம். மற்ற மீனுக்குத் தூண்டில் போடலாம்தான். ஆனால் டர்பனைச் சுற்றி நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் எத்தனையோ பேருக்கு மீன்பிடி என்றாலே ஷேட்தான். அதனால் இந்த இரண்டு மாதமும் ரீலைக் கழற்றி எண்ணெய் விடுவது, நரம்பு மாற்றுவது, ட்ரேஸ் கட்டி வைப்பது என்று கொல்லைப்புறத்திலேயே கழியும். கையோடு இன்னொரு வேலையையும் முடித்துவிடலாம்: ராட்டைக் கையில் பிடிக்காமல் இடுப்பிலேயே நிறுத்தி வைக்க ஒரு குழாய். (வீட்டுப் பேச்சில் தூண்டில், முள், இரை, நரம்பு இவை மட்டும் தமிழாக மிஞ்சியிருக்கின்றன. மற்றதெல்லாம் ராட், ரீல், ட்ரேஸ், சிங்கர், பக்கெட். நரம்பு என்றால் தூண்டில் நூல், ராட் தூண்டில் கம்பு, ரீல் நரம்பு சுற்றும் சக்கரம், ட்ரேஸ் முள்ளைக் கட்டிய முன்நரம்பு, சிங்கர் ஈயக் குண்டு. கரையில் பேசுகிறபடியே இங்கேயும் எழுதுகிறேன்.)

ஷேட் கடிக்கிற விடியலில் கை எங்கே போதாமல் போகிறது என்று பாருங்கள். மீன் கரையேறிவிட்டது. ராட் 14 அடி. இடது கை மீனின் தலைக்குப் பின்னால் அழுத்திப் பிடித்திருக்கிறது, வலது கையில் பிளையர். ஷேட்டின் பல் சின்ன அரம் மாதிரி வரிசையாக நிற்கும். விரலை உள்ளே விட்டால் ரத்தம்தான். இப்போது ராட் எங்கே? அக்குளிலோ, தொடைகளுக்கு நடுவிலோ, ஈர மணலிலோ. அக்குளில் இடுக்கியிருந்தால், நீங்கள் குனிகிறபோது நுனி போய்ப் பக்கத்து ஆளின் நரம்பில் விழும். மணலில் போட்டால் ரீலுக்குள் மணல். இதற்கு நடுவே அளவும் பார்க்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 30 செ.மீ.க்குக் குறைந்த ஷேட்டைத் திரும்ப விட்டாக வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4தான் கணக்கு. விட வேண்டிய மீன் காலடியில் மணலில் புரள, ராட்டை எங்கே சாத்துவது என்று நாம் தேடிக்கொண்டிருந்தால் அந்த மீன் பிழைக்காது.

மணலில் குத்தி வைக்கிற பிவிசி குழாய் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். ஒரே இடத்தில் நின்று பிடிக்கிறவருக்கு அது போதும், அதைவிட மலிவாக வேறொன்றும் கிடையாது. ஆனால் டர்பனின் ப்ளஃப் மேட்டுப் பக்கத்துப் பாறையில் அதைக் குத்த முடியாது. ஷேட் கூட்டம் நகர்ந்து பறவைகள் 200 மீட்டர் தள்ளிப் போய் இறங்கினால், குழாயைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். 2002 ஜனவரியிலிருந்து பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் வண்டி ஓட்டுவதற்கும் தடை வந்துவிட்டது. அதற்கு முன்னால் வண்டியின் முன்பக்கத்தில் நிறுத்தியிருந்த ராட்டையெல்லாம் இப்போது உடம்புதான் சுமக்கிறது.

கடையில் "ராட் ஹோல்டர் பெல்ட்" என்று கேட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சாமான்களை எடுத்துக் காட்டுவார்கள். முதலாவது பக்கெட். தொப்புளுக்குக் கீழே முன்பக்கம் கட்டுவது. அகலத் தகடு, நடுவில் ஆழமில்லாத கிண்ணம். பெரிய மீனோடு மல்லுக்கட்டும்போது ராட்டின் அடி வயிற்றில் குத்தாமல் காப்பதற்காக வந்தது. இரண்டாவது, இடுப்பின் பக்கவாட்டில் தொங்கும் குழாய். இரை மாட்டவும் முள் கழற்றவும் ராட்டைச் சற்று நேரம் நிறுத்தி வைப்பதற்கு. மூன்றாவது, தோளில் மாட்டும் வார் அல்லது முதுகுப் பை; தூரம் நடக்க. ஒன்றை வாங்கி மூன்று வேலைக்கும் பழக்கிவிடலாம் என்று நினைப்பதில்தான் காசு போகிறது. கிண்ணத்தில் ராட்டை விட்டுவிட்டு இரண்டு கையையும் எடுத்தால் அது அப்படியே சாயும். பக்கவாட்டுக் குழாயில் வைத்துக்கொண்டே பெரிய திருக்கையை இழுத்தால் இடுப்பு முறுக்கிக்கொள்ளும்.

கிண்ணம் ஏன் நிற்காது, குழாய் ஏன் நிற்கும்? சின்னக் கணக்குதான். ராட்டும் ரீலும் சேர்ந்து 1.3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு விரலில் தாங்கிப் பார்த்தால் அடியிலிருந்து 120 செ.மீ.யில் சமநிலை கிடைக்கிறது. இந்த ராட் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் எடையின் மையம் பக்கவாட்டில் 60 செ.மீ. தள்ளிப்போகும். 1.3ஐ 60ஆல் பெருக்கினால் 78. குழாயின் ஆழம் 25 செ.மீ. என்றால் அதன் வாய் விளிம்பு தாங்க வேண்டியது 78ஐ 25ஆல் வகுத்து, ஏறக்குறைய 3 கிலோ. கிண்ணத்தின் ஆழம் 10 செ.மீ.தான் என்றால் 8 கிலோவுக்குக் கிட்டே போகும். பெல்ட் சுழல்வதும் தகடு வளைவதும் விலாவில் அழுத்துவதும் இந்த எண்ணால்தான். ஆழம் பாதியானால் சுமை இரட்டிப்பு. கடையில் விற்கும் பக்கவாட்டுக் குழாய்களில் பல 7 அடி ஸ்பின்னிங் ராட்டை மனதில் வைத்துச் செய்தவை. அதே குழாயில் 14 அடி ராட்டை நிறுத்திவிட்டுப் பொருள் சரியில்லை என்று பழி சொல்வது நியாயமில்லை.

அந்தக் கணக்கில் சிங்கரைச் சேர்க்கவில்லை. 150 கிராம் கொக்கிச் சிங்கர் நுனியிலிருந்து தொங்கினால், 4.2 மீட்டர் ராட் அதே 30 டிகிரியில் சாயும்போது நுனி 210 செ.மீ. தள்ளி நிற்கும். 0.15ஐ 210ஆல் பெருக்கினால் 31. முன்பிருந்த 78க்கு மேல் இன்னொரு 40 சதவீதம், வெறும் 150 கிராமால். ஆகவே குழாயில் ராட்டை வைக்கும் முன் சிங்கரை ரீலின் காலில் மாட்டி, நரம்பை ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள். அந்த எடை நுனியை விட்டு ரீல் பக்கம் வந்துவிடும். இதைச் செய்யாமல் நடந்தால் சிங்கர் ஊஞ்சலாடி ராட்டின் தண்டிலேயே மோதும். கார்பன் ராட்டில் அப்படி விழும் சின்னக் கீறல் அன்றைக்குக் கண்ணில் படாது. அடுத்த முறை முழுப் பலத்தோடு வீசும்போது அந்த இடத்தில்தான் ஒடியும்.

செய்ய உட்காருவதற்கு முன் உங்கள் ரீல் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். ஸ்பின்னிங் ரீல் அடியிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் இருக்கும், 30 செ.மீ. குழாய் தாராளமாகக் கொள்ளும். இந்தக் கரையில் பழகிப்போன ஸ்கார்பரோ ரீல்காரர்களுக்குச் சிக்கல் வேறு. அகலச் சக்கரம் மாதிரி இருக்கிற அந்த ரீலை ராட்டின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் கட்டுவார்கள். கீழே கட்டிய மல்டிப்ளையர் ரீலுக்கும் இதே கதை. ஆழமான குழாயில் இறக்கினால் ரீல் வாயில் இடித்து நின்றுவிடும், அடி பாதிக் குழாயில் தொங்கும். அவர்கள் குழாயின் வாயிலிருந்து கீழே 120 மி.மீ. ஆழத்துக்கு, ரீலின் கால் இறங்குகிற அகலத்தில் ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். பள்ளத்தின் அடி மூலை சதுரமாக இருக்கக் கூடாது. முதலில் அங்கே வட்டத் துளை போட்டுவிட்டு, மேலிருந்து இரண்டு பக்கமும் அறுத்து அந்தத் துளையில் கொண்டுவந்து சேருங்கள். சதுர மூலையில் விரிசல் விழுந்தால் ஒரே நாளில் அடிவரை ஓடிவிடும்.

இனி சாமான்கள். 50 மி.மீ. பிவிசி கழிவுநீர்க் குழாய் 30 செ.மீ., அதற்கு ஒரு மூடி, பிவிசி பசை கொஞ்சம். காய் நறுக்கும் தடித்த பிளாஸ்டிக் பலகையிலிருந்து 20 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரத்தில் ஒரு துண்டு, 8 மி.மீ. கனம். 50 மி.மீ. அகல நாடா, இடுப்பளவோடு 30 செ.மீ. கூட. அதே அகலத்தில் பக்கம் அழுத்தித் திறக்கும் பிளாஸ்டிக் பக்கிள். 5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் போல்ட் இரண்டு, ஒன்று 30 மி.மீ. நீளம், மற்றது 20. நைலான் வளையம் வைத்த நட்டும் அகல வாஷரும் அவற்றுக்கு. பழைய கேம்பிங் பாயில் 10 மி.மீ. ஃபோம். பழுதான சைக்கிள் டியூப். ஹார்டுவேர் கடைக்குப் போகும்போது ராட்டின் அடிப்பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். ரப்பர் மூடியோடு சேர்த்து 35 மி.மீ. இருந்தால் 50 குழாய் சரி. மெல்லிய ராட்டுக்கு 40 மி.மீ. குழாயே போதும்.

குழாயின் மேல்வாயை முதலில் விரிக்க வேண்டும், இருட்டில் தடவி ராட்டை இறக்க அது உதவும். பிவிசி 80 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். கொதிக்கும் தண்ணீரே போதும். வாயை 4 செ.மீ. ஆழத்துக்கு ஓரிரு நிமிடம் முக்கி, கண்ணாடிப் பாட்டிலின் தோள்பட்டையில் அழுத்திப் பிடித்து, அப்படியே பச்சைத் தண்ணீரில் காட்டுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தீயில் நேராகக் காட்டுகிறவர்கள் உண்டு. பிவிசி கருகினால் வருகிற புகை நுரையீரலைப் பொசுக்கும். அது வேண்டாத வேலை. அடி மூடியை ஒட்டும் முன் இரண்டு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். பசை தடவிக் கால் திருகு திருகி அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும், பிறகு ஒரு நாள் தொடாதீர்கள். காய்ந்தபின் மூடியின் நடுவில் 10 மி.மீ. ஓட்டை. அது இல்லாவிட்டால் குழாய்க்குள் தண்ணீரும் மணலும் தங்கி, ராட்டின் அடியை அரைத்துக்கொண்டே இருக்கும்.

பலகையில் குழாயை ஒட்ட முடியாது. அந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, பிவிசி பசை சுத்தமாகப் பிடிக்காது. போல்ட்தான் வழி. பலகையின் நடுக்கோட்டில் 12 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளை, குழாயிலும் அதற்கு நேரே. குழாயின் எதிர்ச் சுவரில் அதே உயரங்களில் 12 மி.மீ. துளை போட்டால் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகும். போல்ட்டின் உருண்டைத் தலை குழாய்க்குள் இருக்கட்டும், நட் உடம்புப் பக்கம் வரட்டும். மாற்றிப் போட்டால் போல்ட் முனை ராட்டைச் சுரண்டும். மேல் போல்ட்டில் மட்டும் குழாய்க்கும் பலகைக்கும் நடுவே 10 மி.மீ. கனத்துக்குப் பிளாஸ்டிக் வளையம் வையுங்கள், நீள போல்ட் இதற்குத்தான். 12 செ.மீ.க்கு 1 செ.மீ. வெளிச்சாய்வு என்றால் 4.2 மீட்டர் ராட்டின் நுனி தலையை விட்டு 35 செ.மீ. வெளியே போகும். அந்த அளவு போதும். வளையம் வைக்காவிட்டால் நடக்கும்போதெல்லாம் ராட் காதில் தட்டும்; இன்னும் சாய்த்தால் மேலே போட்ட கணக்கில் எண் ஏறிக்கொண்டே போகும்.

பெல்ட் நுழைய பலகையின் இரு ஓரத்திலும் 55 மி.மீ. நீளப் பிளவு: மேலும் கீழும் 6 மி.மீ. துளை போட்டு இடையில் அறுத்துவிடலாம். உடம்புப் பக்கம் ஃபோம், நட் இருக்கும் இடத்தில் குழி வெட்டி. குழாய் வாயின் உள்விளிம்பில் சைக்கிள் டியூப் பட்டை ஒரு சுற்று. இந்தப் பட்டையைத் தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். குழாய்க்கும் ராட்டுக்கும் 10 மி.மீ. இடைவெளி இருந்தால் 30 செ.மீ. ஆழத்தில் அது நுனியில் 14 செ.மீ. ஆட்டமாகும், வடகிழக்குக் காற்றில் நாள் முழுக்க டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருக்கும்.

சிலர் குழாயின் அடியில் குறுக்காக ஒரு போல்ட் போடுகிறார்கள், பக்கெட்டில் இருப்பதைப் பார்த்து. படகு ராட்டின் அடியில் சிலுவைப் பள்ளம் வெட்டியிருக்கும், அந்தக் கம்பி அதில் உட்காரும். கரை ராட்டின் அடியில் இருப்பது வெறும் ரப்பர் மூடி. அதன் கீழ் கம்பி வைத்தால் ஒரு சீசனில் ரப்பரைத் தின்றுவிடும்.

பழுது எங்கிருந்து வரும் என்பதும் பழகிப்போனதுதான். அலுமினிய ரிவெட்டும் ஸ்டெயின்லெஸ் வாஷரும் சேர்ந்து உப்புத் தண்ணீரில் கிடந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், ரிவெட் ஒருநாள் சத்தமில்லாமல் விடும். துத்தநாகம் பூசிய போல்ட் சீக்கிரமே துருப்பிடித்து இறுகிவிடும். ஸ்டெயின்லெஸ்ஸிலும் 316 ரகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். நைலான் நாடா நனைந்தால் கொஞ்சம் நீளும், இரை மாட்டுகிற நேரம் பார்த்துக் குழாய் முன்பக்கம் வந்து நிற்கும். பாலிப்ரோப்பிலீன் நாடா தண்ணீர் குடிக்காது, ஆனால் வெயிலில் இற்றுப்போகும். என் ஓட்டு இரண்டாவதற்கு; இற்றுப்போவது கண்ணுக்குத் தெரிகிறது, நீளுவது தெரிவதில்லை. வெல்க்ரோ கடற்கரைக்கு ஆகாது. மணல் ஏறிய வெல்க்ரோ வெறும் துணி.

கட்டும் இடம் இடுப்பெலும்புக்கு மேல், சரியாகப் பக்கவாட்டில். வலக்கைக்காரர் இடப்பக்கம் கட்டினால் வலது கைக்கு இரை வைத்த பை நேராகக் கிடைக்கும். கொஞ்சம் முன்னால் தள்ளினாலும் பாறையில் ஏறத் தொடை தூக்கும்போது குழாயின் அடி இடிக்கும். வீசும் முன் பெல்ட்டை இழுத்துக் குழாயை முதுகுப் பக்கம் தள்ளிவிடுங்கள், வீசிய பிறகு திரும்பக் கொண்டுவரலாம். காற்றடிக்கும்போது ராட் சாயும் பக்கம் காற்று வருகிற பக்கமாக இருக்கும்படி நில்லுங்கள். காற்றே ராட்டை நிமிர்த்தித் தரும்.

மீன் வந்தால் வரிசை இப்படி. நரம்பைக் கையில் பிடித்து, ரீலை ஒன்றரை மீட்டர் தளர்த்தி, ராட்டைக் குழாயில் இறக்கி, அதற்குப் பிறகு குனியுங்கள். தளர்த்தாமல் ராட்டை நிறுத்தினால் மீன் நுனியிலிருந்து முகத்துக்கு எதிரே ஆடும், முள்ளோடு. குனிவதும் முழங்காலை மடக்கித்தான். இடுப்பை வளைத்தால் 14 அடி ராட்டும் உங்களோடு சேர்ந்து வணங்கும். குழாயின் அடியிலிருந்து சரியாக 30 செ.மீ.யில் சுற்றிலும் ஒரு கோடு போட்டு வைத்தால் அளவுகோல் தேட வேண்டாம். மீனின் மூக்கை மூடியின் அடிவிளிம்பில் வைத்துக் குழாயோடு ஒட்டிப் பிடிக்க, வால் கோட்டைத் தொட்டால் பைக்கு, தொடாவிட்டால் தண்ணீருக்கு. வைத்துக்கொள்கிற ஷேட்டை அங்கேயே செவுள் வெட்டி ரத்தம் வடித்து ஐஸில் போடுங்கள். இதன் சதை சீக்கிரம் குழைந்துவிடும், புளிக்குழம்பில் உடைந்து கரையும்.

தூரம் நடக்க இந்தக் குழாய் உதவாது. ராட் இரண்டு துண்டு என்றால் கழற்றி, சைக்கிள் டியூப் பட்டையால் மூன்று இடத்தில் கட்டுங்கள். 25 மி.மீ. நாடாவில் ஒன்றரை மீட்டர் எடுத்து இரண்டு முனையிலும் வளையம் தைத்து, ஒன்றை ரீலுக்குக் கீழும் மற்றதைச் சமநிலைப் புள்ளிக்கு மேல் ஒரு முழம் தள்ளியும் மாட்டினால் தோளில் கிடக்கும். ரீலுக்குப் பழைய சாக்ஸ். நுனி எப்போதும் பின்பக்கம், தாழ்வாக. மணல்மேட்டுக் காட்டுப்பாதையில் நுனியை முன்னால் நீட்டிக்கொண்டு போனால் முதல் கிளையிலேயே வளையம் ஒன்று போகும்.

பாறையில் நிற்கிறவர்களுக்கு ஒரு கண்டிப்பு. பக்கிள் ஒரே கையால், ஈரக் கையால், ஒரே அழுத்தில் கழல வேண்டும். வீட்டிலேயே கண்ணை மூடிச் செய்து பாருங்கள். ரீலை உடம்போடு கொக்கி போட்டு இணைக்கும் தோள்வாரைப் பாறையில் கட்டவே கட்டாதீர்கள். பெரிய சுறாவோ திருக்கையோ இழுக்கும்போது விட வேண்டியது ராட்டை. ஆளும் கூடப் போகக் கூடாது. வழுக்கும் பாசியில் இரண்டு கையும் காலியாக இருப்பதன் பலனே விழும்போது ஊன்றுவதுதான், அதைக் கொக்கியால் கெடுத்துக்கொள்ளலாமா?

தலைக்கு மேலேயும் பார்க்க வேண்டியிருக்கிறது. இடுப்பில் நிற்கும் 4.2 மீட்டர் ராட்டின் நுனி தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருக்கும். டர்பனுக்குத் தெற்கே அமன்சிம்டோட்டி, வார்னர் பீச் பக்கம் ரயில்பாதை கடலை ஒட்டியே ஓடுகிறது. அதன் மேலே செல்லும் வயரும் ஏறக்குறைய அந்த உயரம்தான், 3,000 வோல்ட் நேர்மின்சாரம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். தண்டவாளத்தைக் கடக்கும் முன் ராட்டைக் குழாயிலிருந்து எடுத்துப் படுக்கையாகப் பிடித்துக்கொண்டு கடந்து போங்கள், அதுவும் கடக்க விட்ட இடத்தில் மட்டும். கோடை மாலையில் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தாலும் அப்படித்தான்: முதல் இடி கேட்டதுமே ராட்டைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்குள் போய்விடுங்கள். இந்த ஒரு சமயம் ரீலில் மணல் ஏறினால் ஏறட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைப் பக்கிளோடு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். மேலோட்டமாக ஹோஸ் அடித்தால் பக்கிளின் பல்லுக்குள் இருக்கும் மணல் போகாது. குழாயைத் தலைகீழாகத் தட்டி, அடி ஓட்டையில் குச்சி விட்டுப் பார்த்து, நிழலில் தொங்கவிடுங்கள். வெள்ளைப் பிவிசி வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தால் மஞ்சள் பூத்து நொறுங்கும் பதத்துக்கு வரும். பள்ளத்தின் அடியில் நகத்தால் கீறிப் பார்த்து, முடிபோல ஒரு கோடு தட்டுப்பட்டால் ஒட்டிப் பார்க்க வேண்டாம். 30 செ.மீ. குழாய் புதிதாக அறுப்பதற்குப் பத்து நிமிடம்.